கோமதி அக்காவுக்கு வாங்கிய மாலை

எனக்கு மாலை போடத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. போட்டிருக்கிறேன். பத்திரிகையில் படமே வந்திருக்கிறது. யாருக்காக வாங்கினேனோ அவர் கழுத்தில் விழவில்லை, அவ்வளவுதான். அந்தப் படத்தை என் மனைவி செல்வி கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் போதும், கதை ஆரம்பமாகிவிடும். அவள் வாயால் கேட்டால் நான் இன்னும் பெரிய மடையனாகத் தெரிவேன் என்பதால், ஒரு தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்தில் சாலை என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. அரிசி, துணி, இரும்பு எல்லாம் மொத்த வியாபாரம். அங்கே எங்களுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், சங்கிலி என்று எங்கள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்தது. அந்தக் கடை எனக்குக் கற்றுக் கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. கல்லாவை விட்டு எழுந்தால், முன்னால் இருக்கும் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் எழுவேன். டீ குடிக்கப் போனாலும் சரி, தெருவில் சண்டை என்று எட்டிப் பார்க்கப் போனாலும் சரி. யாரையும் நம்பி எதையும் வைத்துவிட்டுப் போகிற ரத்தம் எங்கள் குடும்பத்தில் ஓடவில்லை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் உதவும்.

இப்படிப்பட்டவனைத் தியானத்துக்குக் கூட்டிப் போனது செல்விதான். (எனக்கு ரத்த அழுத்தம், அவளுக்கு என்னால் ரத்த அழுத்தம்.) ஸ்ரீவராகத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி ஹாலில் எங்கள் மையம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பேர் வரை வருவோம். செல்போனை அணைத்து வாசலில் இருக்கும் கூடையில் போட வேண்டும். பிறகு முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். ஒரு சின்ன வெண்கல மணி அடிக்கும். அது அடிக்கும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். சுவர்க் கடிகாரம்கூட எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மணி அடிக்கிறவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

அந்த மணியை அடித்துக்கொண்டிருந்தவர் கோமதி அக்கா. மையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அமர்வு, புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு, வருஷத்துக்கு ஒரு முறை வித்துரா பக்கம் எஸ்டேட் பங்களாவில் மௌன முகாம், எல்லாம் அக்கா பொறுப்பு. முகாமில் நாங்கள் மரத்தடியில் ஞானிகள் மாதிரி உட்கார்ந்திருப்போம். அக்கா ஒரு கையில் உப்புப் பொட்டலத்தோடு எங்கள் நடுவே சத்தமில்லாமல் நடந்து, ஒவ்வொருவர் காலிலும் ஏறும் அட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். என் காலிலிருந்து மட்டும் ஒரே நாளில் ஏழெட்டு எடுத்தாராம். எனக்குத் தெரியவே தெரியாது. 'ஆழ்ந்த அமைதி' என்று அனுபவப் பகிர்வில் பேசினேன்.

ஒரு நாள் மணி அடித்து முடித்ததும் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "நான் அடுத்த மாசம் பெங்களூருக்குப் போறேன். மவன்கூட. இனி அங்கதான்."

செல்வி அழுதேவிட்டாள். எனக்கும் துக்கம்தான். ஆனால் எனக்குத் துக்கம் வந்தால் உடனே ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். அது என் வியாதி.

"அக்கா, பெரிசா ஒரு ஃபங்ஷன் வைக்கணும்" என்றேன்.

"ஒரு மண்ணும் வைக்கண்டாம்" என்றார் அக்கா. "மாலை, பொன்னாடை, பேச்சு, மூணும் கூடாது கேட்டியா நெல்லையப்பா. நான் போற அன்னைக்கு எல்லாரும் எப்பவும்போல வந்து உட்காருங்க. அது போதும். மத்தியானம் பன்னெண்டுக்கு வண்டி. நான் அதைப் பிடிக்கணும்."

இத்தனை தெளிவாக ஒருவர் தமிழில் சொன்ன பிறகு, வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நான் அன்றைக்குச் சாயங்காலமே கமிட்டி கூட்டினேன். கமிட்டி என்றால் நான், செல்வி, பிரபாகரன் நாயர் சார். நாயர் சார் ஓய்வு பெற்ற இன்ஜினியர், எங்களோடு பழகிப் பழகி முக்கால் தமிழ் பேசுவார். அவரும் செல்வியும் மற்றவர்களும் சேர்ந்து போளியும் பால் பாயசமும் ஏற்பாடு செய்வது என்று முடிவானது. (திருவனந்தபுரத்தில் போளியைப் பாயசத்தில் ஊறவைத்துச் சாப்பிடாமல் யாரையும் ஊரைவிட்டு அனுப்ப முடியாது.)

"அது சாப்பாடு. மரியாதை எங்கே?" என்று கேட்டேன். பிறகு என் திட்டத்தைச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் மணியை நான் அடிப்பது. அக்கா எங்களைப் போல முன் வரிசையில் உட்காருவது. எல்லோரும் கண் மூடியிருக்கும்போது, என்னிடம் சத்தமில்லாமல் ஒரு மாலை வந்து சேரும். மணி அடித்ததும் அக்கா கண் திறப்பார், எதிரே மாலையோடு நான். மறுக்க நேரம் இருக்காது. கழுத்தில் விழுந்துவிடும்.

"அக்கா வேண்டாம்னாங்களே" என்றாள் செல்வி.

"வேண்டாம்னுதான் எல்லாரும் சொல்வாங்க" என்றேன், ஏதோ நாடெல்லாம் பெரிய மனிதர்களுக்கு மாலை போட்டுத் திரிந்தவன் மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சலவை மடிப்பு வேட்டியும், பக்கப் பை வைத்த ஜிப்பாவுமாகப் போனேன். அக்கா மணியைத் தர ரொம்பவே தயங்கினார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முக்கா மணி நேரம். முன்னாலேயும் அடிச்சிராதே, மறந்தும் போயிராதே."

"அக்கா, என் கண்ணைவிடப் பத்திரமா வச்சுக்குவேன்" என்றேன். பின்னால் என்னைத் திட்டியவர்களில் ஒருவர்கூட நான் மணியைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

பத்து மணிக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். அக்கா முன் வரிசையில் சம்மணம் போட்டு, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு மூடினார். நான் சின்ன மேஜைக்குப் பின்னால், எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, மணியோடு உட்கார்ந்தேன். ஹார்டுவேர் கடைக்காரனுக்கு ஞானபீடம் கிடைத்த சந்தோஷம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், மடியில் ஏதோ அதிர்ந்தது. கூடையில் போடாமல் நான் மடியில் சொருகி வைத்திருந்த போன். (எல்லோரும் போட வேண்டும் என்றால் நானுமா?) வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். சாலைப் பூக்கடைக்காரர்.

"அண்ணாச்சி, மாலை ரெடி. கொண்டுவர ஆளு இல்ல. நீங்களே வந்திருங்களேன்."

ஸ்ரீவராகத்திலிருந்து சாலை எவ்வளவு தூரம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து சௌகரியமாகச் சாய்வதற்குள் வந்துவிடும். போய் வர அரை மணி நேரம் தாராளம். மேஜைக்குத் திரும்பி வந்து காலடிச் சத்தம் வராமல் கிளம்பினேன். கிளம்பும்போது என் கை, என்னைக் கேட்காமலே, முப்பது வருஷப் பழக்கத்தில், முன்னால் இருந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது.

பூக்கடையில் மாலையைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. தோவாளைச் சம்பங்கியும் ரோஜாவும் தொடுத்து, நடுவில் தாமரை வைத்து, யானைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. 'பெரிசா' என்று நான் சொன்னதை அவர் மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டிருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வெளியிலிருந்து பார்த்தால் மாலைக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்திருக்கும். ஆட்டோ குழியில் விழுந்து எழுந்தது. என் இடுப்பிலிருந்து 'டிங்' என்றது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணா, மணியடிக்குந்நல்லோ?"

பையில் கைவிட்டேன். சில்லென்று இருந்தது.

அந்த நிமிஷம் என் மனக்கண்ணில் தெரிந்தது அந்த ஹால். முப்பது பேர். கண்கள் மூடியிருக்கின்றன. மணி அடித்தால்தான் திறக்கும். மணி என் ஜிப்பாவில். போன் பண்ணி எழுப்பலாம் என்றால் அத்தனை போனும் கூடையில், அணைத்து. நான் ஏமாற்றிய சட்டத்தை மற்ற எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்கள், பாவிகள்.

"சீக்கிரம் போங்க, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

"எங்ஙோட்டு போவான்?" என்று, போக வழி ஏது என்கிற மாதிரி கையை விரித்தார் டிரைவர். "ப்ளாக்கு. ஜாதா வருந்நு."

ஜாதா என்றால் இங்கே கட்சி ஊர்வலம். கிழக்கேகோட்டையில் ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் கார், நடுவில் கொடியும் செண்டை மேளமுமாக ஒரு கூட்டம். ஆட்டோ அங்கேயே நின்றுவிட்டது. நானும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். முக்கால் மணி நேரக் கெடு கண்ணெதிரே தாண்டிப் போயிற்று. அக்காவின் பன்னிரண்டு மணி வண்டி அப்போதுதான் ஞாபகம் வந்தது. தனக்கென்று எதையும் கேட்டு வாங்க அக்காவுக்குத் தெரியாது. எங்களிடம் கேட்டதே ஒன்றுதான், வண்டியைப் பிடிக்கணும் என்று. சரி, நடந்தே போய்விடலாம் என்று மாலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அங்கேதான் விதி காத்திருந்தது.

மாலையோடு ஓடி வரும் என்னைத் தொண்டர் ஒருவர் பார்த்துவிட்டார், தலைவருக்கு மாலை கொண்டுவரும் ஏதோ ஒரு அண்ணன் என்று நினைத்துவிட்டார். "மாலயுமாயிட்டு ஒரு சேட்டன் வருந்நு! வழி கொடுக்கு, வழி கொடுக்கு!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நான் "இல்ல, இல்ல, இது எங்க அக்காவுக்கு" என்றேன். கோஷத்தில் எனக்கே கேட்கவில்லை. பத்துக் கைகள் பின்னாலிருந்து தள்ள, கால் தரையில் படாமலே முன்னால் போய்ச் சேர்ந்தேன். திறந்த ஜீப்பில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து நெகிழ்ந்து சிரித்தார். கைகூப்பினார். பிறகு, குனிந்தார்.

ஒரு மனிதர் அத்தனை பேர் முன்னால் குனிந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வர நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. போட்டேன். கேமரா பளிச்சென்றது. அவருடைய தோளில் ஏற்கனவே விழுந்திருந்த பொன்னாடைகளில் ஒன்றை உருவி, பதில் மரியாதையாக எனக்குப் போர்த்தினார். (என்ன நிறம் என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் என் கடையில் ஆணி வாங்குகிறார்கள்.)

அதன்பிறகு ஓடினேன். இந்த உடம்பால் இவ்வளவு ஓட முடியும் என்று டாக்டருக்கே தெரிந்திருக்காது. வேட்டியை மடித்துக் கட்டி, பொன்னாடை பின்னால் பறக்க, அடிக்கு அடி 'டிங் டிங்' என்று மணி அடிக்க, தெருவோரம் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கினார்கள். ஒரு வீட்டு அம்மாள் கேட்டுக்கு வெளியே வந்து, "பஞ்சு மிட்டாயோ?" என்று கேட்டார். நின்று பதில் சொல்ல நேரமில்லை.

மாடிப்படி ஏறி ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

முப்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எவர் கண்ணும் திறக்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை பேருடைய சாதனையா, நம்முடைய முட்டாள்தனமா, எது பெரியது என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது அந்தக் காட்சி. மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்று மணியை அடித்தேன்.

ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். கோமதி அக்காவைக் கௌரவிக்கும் நாளில், அவர்கள் எதிரே, வியர்வை வழிய, கழுத்தில் பொன்னாடையோடு நின்றவன் நான்.

"நெல்லையப்பனுக்கா ஃபங்ஷன்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

ஆனால் அக்கா கண் திறக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். அப்போதும் இல்லை. நாயர் சார் எழுந்தார். கடவுளே, வண்டி போனால் போகட்டும், அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று அன்றைக்கு வேண்டிக்கொண்ட மாதிரி என் வாழ்நாளில் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, "அக்கா" என்றேன்.

அக்கா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். அது நனைந்திருந்தது. என்னைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார், திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதுக்குள்ளேயா அடிச்சிட்டே?" என்றார் அக்கா.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பூக்கடை, ஜாதா, ஜீப், கழுத்து. சொல்லச் சொல்ல ஹாலே குலுங்கியது. அக்கா சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நான் இங்க வந்து பொறுப்பெடுத்த நாள் முதல் ஒரு நாளாவது கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேனா? ஒரு கண்ணு கடிகாரத்துல, ஒரு காது வாசல்ல. யாரு வாறா, யாரு தூங்கி விழுறா, அடுப்புல பால் பொங்குதா, இதுதான் என் தியானம். மணி என் கையில இல்லேன்னு ஆனதும் எனக்கு முதல்ல கையே ஓடல. அப்புறம் நினைச்சேன், நெல்லையப்பன்தான் வச்சிருக்கானே, அவன் பார்த்துக்குவான்னு. அவ்வளவுதான் தெரியும். ரொம்ப நல்லா இருந்தது தம்பி."

யாரையும் நம்பிச் சாவியை வைக்காத குடும்பத்தில் பிறந்தவன் நான். என்னை நம்பி ஒருவர் அப்படிக் கண்ணை மூடியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொன்னாடையால்தான் துடைத்தேன், வேறு துணி இல்லை.

வண்டி போய்விட்டது. மகனுக்கு அக்கா போன் பண்ணியபோது நாங்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

"வண்டியை விட்டுட்டேன்டா. தியானத்துல இருந்துட்டேன்."

அந்தப் பக்கம் மகன் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "நீயா?"

அதன்பிறகு போளியும் பாயசமும் வந்தன. பசியில் எல்லோரும் இரண்டு மடங்கு சாப்பிட்டார்கள். நாயர் சார், "இன்னைக்கு எனக்கு நல்ல டீப் ஆயிருந்து. டைமே அறிஞ்சில்ல" என்று பெருமையாக ஆரம்பித்தார். அவர் மனைவி, "சும்மா இருங்க, நான் மூணு தடவை கண்ணு திறந்து பார்த்தேன், மூணு தடவையும் நீங்க என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தீங்க" என்று போட்டு உடைத்தார். விசாரித்தால், அக்காவைத் தவிர அத்தனை பேரும் திறந்து பார்த்திருக்கிறார்கள். சுற்றிலும் எல்லோரும் மூடியிருப்பதைப் பார்த்து, நமக்குத்தான் பொறுமை இல்லை போலிருக்கிறது என்று வெட்கப்பட்டு, மணி மேஜைப் பக்கம்கூடப் பார்க்காமல் திரும்ப மூடியிருக்கிறார்கள்.

"நீயுமா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"பின்னே? திறந்து பார்த்தேன். உங்களையும் காணோம், மணியையும் காணோம். உடனே புரிஞ்சு போச்சு."

"அப்ப எழுந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நான் உங்க பொண்டாட்டின்னு எல்லாருக்கும் ஞாபகம் வந்துருமே. இன்னும் இறுக்கி மூடிக்கிட்டேன்."

மறுநாள் அக்கா வண்டி ஏறியபோது அத்தனை பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். யார் கையிலும் மாலை இல்லை. நாயர் சார் என் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிளாட்பாரத்துக்குள் விட்டார். ஏறும்போது அக்கா எங்கள் எல்லோரிடமும் சொன்னார், இனிமேல் மணியை நெல்லையப்பன்தான் அடிக்க வேண்டும் என்று. இதைவிடப் பெரிய தண்டனை ஒரு கணக்கு டீச்சருக்குத்தான் தோன்றும்.

இப்போதும் நான்தான் அடிக்கிறேன். மணியை ஒரு பித்தளைச் சங்கிலியால் மேஜைக்காலோடு பிணைத்திருக்கிறார்கள். சங்கிலி என் கடைச் சரக்குதான், நல்ல கனம். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு காது வாசலில். மூடிய முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இதையே அக்கா எத்தனை வருஷம் எங்களுக்காகப் பார்த்தார் என்று நினைப்பேன். அவர் பார்த்ததில் என் முகமும் ஒன்று, அட்டை கடித்தது தெரியாத முகம்.

போன மாதம் அக்கா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கும் வந்தார். முன் வரிசையில் அதே இடத்தில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணை மூடுவதற்கு முன்னால் என்னைக் கிட்டே வரும்படி கூப்பிட்டு, காதோடு சொன்னார்:

"தம்பி, சாலையில உனக்கு ஏதாவது வேலை இருந்தா போயிட்டு வாயேன்."

செல்வி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, அவள் ஃபேனைப் போட்டுக் கட்டிலில் சாய்ந்ததும், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேச ஆரம்பித்தால், கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்: "ஏங்க, உங்களுக்குச் சாலையில ஒரு வேலையும் இல்லையா?"